உள்ளான் வந்துவிட்டது

அன்புள்ள கயல்,

உன் பைனாகுலரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். பீரோ மேல் தூசியோடு கிடந்தது. ஞாயிறு விடியலில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோடியக்கரை பஸ் ஏறினேன். அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஐப்பசி மழை வலுக்கவில்லை. உப்பு வாரி முடித்து அம்பாரங்களுக்குக் கீற்று வேய்ந்துவிட்டார்கள். பாத்திகளில் கணுக்கால்கூட நனையாத தண்ணீர். தூரத்தில் சேறே நகர்வதுபோல் இருந்தது. திருகித் திருகிப் பார்த்தால் அத்தனையும் கொசு உள்ளான்! ஒவ்வொன்றும் மூன்று பத்து ரூபாய் நாணயத்தின் எடைதான் இருக்கும். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து, தையல் மெஷின் ஊசி மாதிரி கொத்திக்கொண்டிருக்கிறது.

அதே பாத்திகளுக்கு 31 வருஷம் கணக்கு எழுதியவன் நான். மூட்டையை எண்ணினேன், இதைப் பார்க்கவில்லை.

பறவைக் காலில் வளையம் மாட்டும் பையன் ஒருவன் பொறுமையாக விளக்கினான். சின்ன அலகு மேற்சேற்றில் பொறுக்கும். கோட்டானின் (ஆந்தை இல்லை, அதே பெயருள்ள கரைப்பறவை) நீண்டு வளைந்த அலகு நண்டு வளைக்குள்ளேயே போகும். அதனால் ஒரே சேற்றில் சண்டையில்லாமல் பிழைக்கின்றன. மழை கொட்டித் தண்ணீர் ஏறினால் குட்டைக்கால்கள் வேறு இடம் தேடும், நெட்டைக்கால்கள் நிற்கும். பூநாரை அதிகம் வரவில்லை. பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி இங்கே வந்து போன கதையையும் சொன்னான்.

உன்னிடம் ஒன்று சொல்லாமலே இருந்துவிட்டேன். 1967-ல் இதைச் சரணாலயமாக அறிவித்தபோது நான் சின்னப் பையன். அப்போதெல்லாம் கண்ணி வைத்துப் பிடித்த உள்ளான் எங்கள் வீட்டுக்கும் வரும். மிளகு போட்டு வறுப்பார்கள். ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். எட்டாவது படிக்கும்போது நீ நோட்டும் கையுமாக வரப்பில் உட்கார்ந்திருந்தாயே, "பொம்பளைப் பிள்ளைக்கு உப்பளத்தில் என்ன வேலை" என்று கத்தினேன். நீ எண்ணிக்கொண்டிருந்ததைத் தின்றவன் நான் என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை.

சரி, அப்புறம் காட்டுக்குள்ளும் போனேன். பாலை மரத்தடிச் சருகில் ஆறுமணிக்குருவி! இமயமலை அடிவாரத்துப் பக்கமிருந்தெல்லாம் தெற்கே வருமாம். பச்சை முதுகு, வாலடியில் ரத்தச் சிவப்பு. இரண்டு தத்து தத்திவிட்டுப் புதருக்குள் மறைந்துவிட்டது. அரைமணி நேரம் நின்றேன், திரும்ப வரவில்லை. கொசுக்கடிதான் மிச்சம்.

பைனாகுலரில் இடது கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருக்கிறது. எங்கே கொடுத்துத் துடைப்பது என்று எழுது.

இன்னொன்று. கூட்டத்தின் ஓரத்தில் தனியாக ஒன்று நின்றது. அளவு கொசு உள்ளான்தான், ஆனால் கால் கறுப்பில்லை, மஞ்சள். முதுகு இன்னும் மங்கல். சேறு ஒட்டியிருக்குமோ என்று ரொம்ப நேரம் பார்த்தேன், சேறு இல்லை. அந்தப் பையன் அதற்குள் போய்விட்டான். அது என்னவென்று நீ சொல்.

அப்பா