கத்தரி இலையைத் திருப்பிப் பாருங்கள்

மாடித்தோட்ட நண்பர்களுக்கு வணக்கம். வெயில் ஏற ஏற மாவுப்பூச்சியும் ஏறுகிறது. நேற்று என் கத்தரித் தொட்டியில் இலையைத் திருப்பினால் நரம்போரம் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தது, தண்டில் எறும்பு வரிசை. எறும்பு ஏறினாலே கவனியுங்கள். பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக அதுதான் காவல் நிற்கும், செடிக்குச் செடி தூக்கியும் போகும்.

கொஞ்சமாக இருந்தால் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே போதும். அதிகமென்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய். முதலில் எண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசலைக் கலக்குங்கள், இல்லையென்றால் எண்ணெய் மேலேயே மிதக்கும். வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள், வாரம் ஒருமுறை.

புதினா, கொத்தமல்லிக்கு வேப்பெண்ணெய் வேண்டாம், வாடை நிற்கும்.

அப்புறம், ஞாயிறன்று நாற்று கொண்டுவருபவர்கள் தயவுசெய்து பூச்சி இல்லையா என்று பார்த்துக் கொண்டுவாருங்கள்.