சவுண்ட் செக்குக்கு இரண்டு மணி நேரம் கொடுங்கள்: பூங்காக் கச்சேரி ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பூங்கா நிர்வாகத்தினருக்கும் விழாக் குழுவினருக்கும்,

வணக்கம். சென்ற ஜாஸ் கச்சேரியில் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். மதியம் 2 மணிக்குத் தருவதாகச் சொன்ன மேடை 4.45-க்குத்தான் எங்கள் கைக்கு வந்தது. கச்சேரி 5 மணிக்கு. மீதமிருந்த கால் மணி நேரத்தில் ஒவ்வொரு மைக்கிலும் சத்தம் வருகிறதா என்று பார்த்ததோடு சரி. கலைஞர்கள் சார்பிலும் ஒலிப் பணியாளர்கள் சார்பிலும் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: கூட்டத்தை உள்ளே விடுவதற்கு முன் சவுண்ட் செக்குக்கு, அதாவது ஒலியைச் சரிபார்த்து அமைப்பதற்கு, முழுதாக இரண்டு மணி நேரம் கொடுங்கள்.

அவ்வளவு நேரம் எதற்கு என்று கேட்கிறீர்கள். ஆளுயரத் தந்தி வாத்தியமான டபுள் பாஸை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 முறை, அதிர்கிறது. உள்ளே வெறும் காற்று நிரம்பிய பெரிய மரப்பெட்டி அது. மேடை ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் அந்தப் பெட்டியை அதிர வைக்கும், வாத்தியத்தில் பொருத்திய பிக்கப் என்ற உணரி அந்த அதிர்வை எடுத்துத் திரும்பவும் ஸ்பீக்கருக்கே அனுப்பும், ஊளை கிளம்பிவிடும். இதைத் தடுக்க வழி இருக்கிறது. மானிட்டரை (கலைஞர்கள் கேட்பதற்கான மேடை ஸ்பீக்கரை) சிறிது சிறிதாக ஏற்றி, எந்த அதிர்வெண்ணில் ஊளை தொடங்குகிறது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் ஈக்வலைசரில் (அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவியில்) குறுகலாக வெட்ட வேண்டும். அடுத்த ஊளை எங்கே வருகிறதென்று பார்த்து அதையும் வெட்ட வேண்டும். பிறகு பிக்கப்பையும் மைக்கையும் சேர்த்துக் கேட்டு, ஒன்றையொன்று அடித்துப்போடாமல் போலாரிட்டியை (இரண்டின் ஒலி அலைகளும் ஒரே திசையில் எழுகின்றனவா என்பதை) சரிபார்க்க வேண்டும். திறந்தவெளி என்பதால் மைக்குக்குக் காற்றுத் தடுப்பும் தேவை. நிதானமாகச் செய்தால் இந்த ஒரு வாத்தியத்துக்கே இருபது நிமிடம் ஆகும். பாஸ் கலைஞர் ஓரடி நகர்ந்து நின்றால்கூடக் கணக்கு மாறிவிடும்.

நேரம் இல்லாதபோது சவுண்ட் இன்ஜினியருக்கு இருப்பது ஒரே வழி: 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மொத்தமாக வெட்டிவிடுவது. அன்று நடந்தது அதுதான். ஊளை வரவில்லை, பாஸும் வரவில்லை. விரல் தந்தியில் படும் டக் டக் ஓசைதான் புல்வெளியை எட்டியது. டிரம்ஸ் கலைஞருக்கும் பாஸ் கேட்கவில்லை. அவர் குத்துமதிப்பாக வாசிக்க வேண்டியதாயிற்று. பாஸும் டிரம்ஸும் ஒருவரையொருவர் கேட்டுப் பதில் சொல்லும் இசையில், அந்த இருவரையும் பிரித்துவிட்டு மீதிப் பேரை வாசிக்கச் சொல்வது நியாயமா?

பின்வரிசைக்காரர்கள் பட்ட பாடும் நேரம் இல்லாததால்தான். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. பின்வரிசைக்காக மேடையிலிருந்து 40 மீட்டர் தள்ளி வைத்த இரண்டாம் ஸ்பீக்கர்களுக்கு, மேடை ஒலி அங்கே வந்து சேர ஆகும் 117 மில்லிநொடியும், ஒலி மேடையிலிருந்தே வருவதுபோல் கேட்க அதற்கு மேல் சுமார் 10 மில்லிநொடியும் தாமதம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலின் ஒவ்வொரு அடியும் இரண்டு முறை கேட்கும். அளந்து, நடந்து, கேட்டுத்தான் இதைச் சரிசெய்ய முடியும். சிகாகோவின் மில்லேனியம் பூங்காவில் புல்வெளிக்கு மேலே கம்பிப் பந்தல் அமைத்து ஸ்பீக்கர்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்த நகரம் 1979 முதல் இலவச ஜாஸ் விழா நடத்துகிறது. அப்படியொரு பந்தலை உங்களிடம் நாங்கள் கேட்கவில்லை. நேரத்தைத்தான் கேட்கிறோம்.

வெயிலையும் சொல்ல வேண்டும். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சாக்ஸபோனுக்குள் இருக்கும் காற்றின் சுருதி கணக்குப்படி 3 சென்ட் (ஒரு அரைச்சுரத்தில் நூறில் மூன்று பங்கு) ஏறும். தந்தி வாத்தியங்களின் சுருதியோ இறங்கும். பியானோவைக் கச்சேரி நடக்கும் இடத்திலேயே, நிழலில் வைத்து, யாரும் சத்தம் போடாத நேரத்தில் சுருதி சேர்க்க வேண்டும். அன்று ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்க, அதற்கு நடுவேதான் பியானோவுக்குச் சுருதி சேர்த்தார்கள்.

இதையெல்லாம் சொன்னால் "இலவசக் கச்சேரிதானே" என்ற பதில்தான் வருகிறது. டிக்கெட் வாங்க வசதியில்லாதவர்களும் இந்த இசையை முதன்முறையாகக் கேட்பவர்களும் வருகிற இடம் இது. அவர்களுக்கு அரைகுறையாகக் கொடுத்தால் போதும் என்று யார் முடிவு செய்தார்கள்? பூச்செடிக்குத் தண்ணீர் விட நேரம் குறித்து வைத்திருக்கிறீர்கள், விளக்கேற்ற நேரம் குறித்து வைத்திருக்கிறீர்கள். மேடையேறும் கலைஞருக்கு மட்டும் நேரம் கிடைப்பதில்லை. வரவேற்புரை நீண்டால் வெட்டு விழுவது சவுண்ட் செக்கில்தான்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பணியாளர்களின் சிரமம் எங்களுக்கும் தெரியும். கேட்பது இதுதான்: பகல் 12 மணிக்கு மேடையும் மின்சாரமும், 12.30 முதல் 2 வரை பியானோவுக்கு அமைதி, 2.30 முதல் 4.30 வரை சவுண்ட் செக். கடைகளுக்கும் அலங்கார விளக்குகளுக்கும் தனி மின் இணைப்பு கொடுத்துவிட்டால் ஸ்பீக்கரில் வரும் இரைச்சலும் பெருமளவு குறையும். அடுத்த கச்சேரியின் தேதியை அறிவிக்கும் முன் இந்த நேரங்களை நிகழ்ச்சி நிரலில் எழுதிச் சேர்த்து, அதன் பிரதி ஒன்றை எங்களுக்கும் அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கச்சேரிக் கலைஞர்களும் ஒலிப் பணியாளர்களும்