கோழிக்கு முருங்கை நிழல் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் கொல்லைக் கோழி வளர்ப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, கூண்டு நிழலுக்கு முருங்கை நடச் சொல்கிறது. அரை ஏக்கர் வரையுள்ள தனி வீடுகளில் 6 கோழிகள் வரை வளர்ப்பதை நகராட்சிகள் தடுக்கக் கூடாது என்று 2024-இல் மாநிலச் சட்டம் வந்துவிட்டது. இதனால் புதிதாக இறங்குகிறவர்கள் அந்த முருங்கை யோசனையை நம்பினால் முதல் கோடையிலேயே கோழிகளைப் பறிகொடுப்பார்கள்.

முருங்கை அந்த வெயிலுக்கு அசராது. கீரையைக் கோழியும் விரும்பிக் கொத்தும். ஆனால் நிழல் சல்லடை போலத்தான் விழும். ஜனவரியில் ஒரு நல்ல உறைபனி இரவு வந்தால் தரைமட்டம் வரை கருகும். மறுபடி துளிர்த்துத் தலைக்கு மேல் வருவதற்குள் கோடை பாதி போய்விடும். ஜூலை புழுதிப் புயலில் கிளை முறிவது தனிக் கதை. சாம்பாருக்கும் தீவனத்துக்கும் ஓரமாக ஒன்று இருக்கட்டும்.

கோழியின் உடல் வெப்பமே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். அதற்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைப்பதுதான் முக்கிய வழி. 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 43.3 டிகிரியும் அதற்கு மேலும் அடித்தது. காற்றே உடம்பைவிடச் சூடாக இருக்கும்போது காய்ந்த நிழலில் நின்று பயனில்லை. ஈர மண்ணில் குழி பறித்து வயிற்றை அழுத்திப் படுத்தால்தான் சூடு இறங்கும். ஆகவே, அடர்ந்த இலையும் ஆழமான பாசனமும் உள்ள மரம் வேண்டும். மரத்துக்கு விடும் அதே தண்ணீர்தான் கோழியையும் காப்பாற்றும்.

என் தேர்வு மல்பெரி, அதாவது பட்டுப்புழுவுக்கு இலை போடும் முசுக்கொட்டை. அதிலும் விரல் நீளத்துக்குக் காய்க்கும் பாகிஸ்தான் ரகம். வசந்தத்தில் உதிரும் பழத்தைக் கோழிகளே பொறுக்கித் தின்றுவிடும். குளிர்காலத்தில் இலை கொட்டிவிடுவதால் கூண்டுக்கு வெயிலும் கிடைக்கும். வாங்கும்போது காய்க்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். நிழலுக்கென்றே விற்கும் காய்க்காத ஆண் மரம் மகரந்தத்தைக் கொட்டித் தள்ளும். டூசான் நகரம் உள்ள பீமா கவுண்டியில் அதன் விற்பனைக்கே தடை உண்டு.

பிற்பகல் 3 மணிக்கு மேல் அடிக்கும் வெயில்தான் கொல்லும். எனவே கூண்டுக்கு மேற்கிலோ தென்மேற்கிலோ 4 மீட்டர் தள்ளி நட வேண்டும். வேர் முரட்டு வேர். சுவர், கழிவுநீர்க் குழாய் பக்கம் வேண்டாம். அக்டோபர், நவம்பர் நடவுக்கு ஏற்ற காலம். குழி, கன்றின் வேரோடு ஒட்டிய மண்கட்டி அளவு ஆழமும் அதைப்போல் மூன்று பங்கு அகலமும் இருந்தால் போதும். எருவைக் குழிக்குள் போடாதீர்கள். இங்கே பல கொல்லைகளில் அடியில் சுக்கான் பாறை, அதாவது சுண்ணாம்பு இறுகிய அடுக்கு, இருக்கும். குழியில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் கடப்பாரையால் அந்த அடுக்கை உடைத்து ஓட்டை போடுங்கள். உடையவில்லையா, இடத்தை மாற்றுங்கள்.

வேர் பிடித்த மரத்துக்குக் கோடையில் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை, 90 செ.மீ. ஆழம் இறங்கும்படி பாய்ச்ச வேண்டும். நீளமான இரும்புக் கம்பியைக் குத்தினால் தெரிந்துவிடும்: ஈரம் உள்ள வரை வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்த மண்ணில் நின்றுவிடும். தினமும் மேலாகத் தெளித்தால் உப்பு வேர்மட்டத்திலேயே தங்கி இலை ஓரம் கருகும். பாத்தி கிளை நுனி வரை விரியட்டும்.

இந்தக் கட்டத்தில்தான் பலருக்கும் மரம் போகிறது. ஈரம் கண்ட இடத்தைக் கோழி விடாது. ஈரம் காக்க மண்மேல் பரப்பிய மூடாக்கைக் கிளறி, இள வேரை வெளியே இழுத்துப் போட்டுவிடும். முதல் இரண்டு வருடம் தண்டிலிருந்து 60 செ.மீ. தள்ளி, 1.2 மீட்டர் உயரத்துக்குக் கம்பிவலை வளையம் போடுங்கள். வளையத்துக்கு வெளியே அரை அங்குலக் கண் வலையைத் தரையோடு விரித்து, சொட்டுக்குழாயை அதன் அடியில் ஓட்டி, விளிம்பில் கனமான கல் வையுங்கள். மரம் நிழல் தரும் வரை கூண்டுக்கு வெயிலில் 70 சதவீதத்தைத் தடுக்கும் நிழல்வலை கட்டாயம். தகரக் கூரையில் ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.

புதுக் கோழி எச்சத்தை வேரில் கொட்ட வேண்டாம். ஏற்கெனவே உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த மண் அது. ஐந்தாறு மாதம் மட்க வைத்த பிறகே போடலாம். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறை. எருவைக் கூட்டினால் தீராது. சுண்ணாம்பு மண்ணிலும் வேர் உறிஞ்சக்கூடிய செலேட் இரும்பு உரம் கொடுக்க வேண்டும்.

தண்ணீர் செலவுக்கு அஞ்சுகிறவர்கள் மெஸ்கீட் வைக்கலாம். நம் ஊரில் எல்லோரும் சபிக்கும் சீமைக் கருவேலத்தின் பங்காளிதான். இந்தப் பாலையில் அது மண்ணின் மரம். காயை அரைத்து மாவாக்கலாம். ஆனால் பருவமழைக்கு முன், ஜூனிலேயே, மரத்திலிருந்து பறித்துவிட வேண்டும்; மழையில் நனைந்து தரையில் கிடந்த காயில் பூஞ்சை நஞ்சு ஏறும். உதிர்ந்த முள் கோழியின் பாதத்தில் குத்தினால் சீழ்க்கட்டி வரும்.

கட்டுரையில் சொல்லாமல் விட்ட இன்னொன்று: இங்கே பல வீடுகளில் வேலிக்கு வளர்ப்பது அரளி. வெட்டிப் போட்ட கிளையோ காய்ந்த சருகோ கோழி மேயும் இடத்தில் விழக் கூடாது; காய்ந்தாலும் அதன் நஞ்சு போகாது.

— வாசகர், சாண்ட்லர், அரிசோனா