பையில் இருக்கும் பாஸ்போர்ட் யாரிடம் பேசுகிறது? – ஒரு திறந்த மடல்

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்புக்கும், அதன் விதிப்படி பயண ஆவணங்களை அச்சிடும் அரசுகளுக்கும்,

வணக்கம்.

பாஸ்போர்ட்டில் ரேடியோ சிப் வைக்கலாம் என்று 2003-ல் முடிவெடுத்தீர்கள். 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, சுமார் பத்து சென்டிமீட்டர் தூரம், உள்ளே பெயர், பிறந்த தேதி, முகப்படம், சில நாடுகளில் கைரேகையும். போலி பாஸ்போர்ட்டைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அரசின் மின்கையொப்பம் இருப்பதால், சிப்பில் ஓர் எழுத்தை மாற்றினாலும் பிடிபட்டுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் ஆவணம் எப்போது, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது என் கையில் இல்லையே, அதுதான் என் கவலை.

அமெரிக்க வெளியுறவுத் துறை 2005-ல் முதலில் முன்வைத்தது பூட்டே இல்லாத சிப், அதாவது எந்தக் கருவி கேட்டாலும் பதில் சொல்லிவிடும் சிப். அதற்கு 2,335 கருத்துகள் வந்தன; 98 விழுக்காட்டுக்கு மேல் எதிர்ப்பு. அதன் பிறகுதான் பாஸ்போர்ட்டின் மேலட்டைக்குள் ரேடியோ அலையை மறிக்கும் உலோகத் தடுப்பும், சிப்புக்கு ஒரு பூட்டும் வந்தன. யாரும் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்தச் சிப் அப்படியே வெளிவந்திருக்கும்.

சரி, அந்தப் பூட்டாவது உறுதியானதா? பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி மூன்றையும் சேர்த்தால் அதன் சாவி கிடைத்துவிடும். மூன்றும் முதல் பக்கத்திலேயே அச்சாகியிருக்கின்றன. விடுதியில், பயண முகவரிடம், வாடகைக் கார் நிறுவனத்தில் என்று அந்தப் பக்கத்தின் நகலை எத்தனை இடத்தில் கொடுக்கிறோம்! கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். இந்தச் சாவியை பாஸ்போர்ட் காலாவதியாகும் வரை மாற்ற முடியாது. நெதர்லாந்தில் எண்கள் வரிசையாகத் தரப்பட்டதால், சிப்பும் படிக்கும் கருவியும் பேசுவதை ஒருமுறை ஒட்டுக்கேட்டால், அதிலிருந்து சாவியைச் சாதாரணக் கணினியில் சுமார் இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடிக்கலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இதைவிட எனக்கு அச்சம் தருவது, 2010-ல் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியது. அதற்குப் பூட்டைத் திறக்கவே தேவையில்லை. ஒரு பாஸ்போர்ட்டை முறையாகப் படிக்கும்போது போகும் செய்தி ஒன்றைப் பதிவு செய்துகொண்டு, பிறகு வருகிற ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்கும் அதை அனுப்ப வேண்டும். எல்லாமே அதை நிராகரிக்கும். ஆனால் அந்த ஒரு பாஸ்போர்ட் மட்டும் கொஞ்சம் தாமதமாக நிராகரிக்கும், ஏனென்றால் அது ஒரு சோதனையைத் தாண்டி அடுத்ததற்குப் போயிருக்கும். 'அதே ஆள்தான்' என்று தெரிந்துகொள்ள அந்தத் தாமதம் போதும். அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி ஓடும் பெண்ணையும், அடைக்கலம் தேடும் ஒருவரையும் அவர்கள் பெயரே தெரியாமல் அடையாளம் காணலாம்.

சிப் வைத்த அடையாள அட்டைகளின் நிலை இன்னும் மோசம். அமெரிக்கா 2008-ல் கொண்டுவந்த, பணப்பையில் அடங்கும் பாஸ்போர்ட் அட்டையைப் பல மீட்டர் தொலைவிலிருந்தே படிக்கலாம். அதில் எண் மட்டும்தான் இருக்கிறது, பெயர் இல்லை என்பது அரசின் பதில். அந்த எண் மாறுவதே இல்லை. ஒருமுறை அதை ஒரு முகத்தோடு சேர்த்துவிட்டால் அப்புறம் அதுவே பெயர். 2009-ல் ஓர் ஆய்வாளர் 250 டாலர் கருவியோடு சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் காரில் போய், அட்டைகளின் எண்களைப் படித்துக் காட்டினார். ரேடியோ அலையைத் தடுக்கும் உறையில் போட்டு வையுங்கள் என்று மக்களிடம் சொல்வதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது.

எல்லையில் அதிகாரி எப்படியும் பக்கத்தைத் திறந்து கருவியில் வைத்துத்தான் சாவியைப் பெறுகிறார். கைக்கு வந்த ஆவணத்தைப் படிக்க ரேடியோ எதற்கு என்ற கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் இதுவரை கிடைக்கவில்லை.

பேஸ் (PACE) என்ற புதிய பூட்டை நீங்களே விதிகளில் சேர்த்திருக்கிறீர்கள். ஒட்டுக்கேட்டு அதை உடைப்பது மிகக் கடினம், வரவேற்கிறேன். ஆனால் பக்கத்தின் நகல் வைத்திருப்பவருக்கு அதுவும் திறக்கும். அதனால் மூடியிருக்கும் வரை சிப் பதிலே சொல்லாதபடி எல்லா பாஸ்போர்ட்டிலும் உலோகத் தடுப்பைக் கட்டாயமாக்குங்கள். புதிய பாஸ்போர்ட்களில் பழைய பூட்டைச் சேர்ப்பதை நிறுத்துங்கள். மீட்டர் கணக்கில் பேசும் சிப்பை எந்த அடையாள அட்டையிலும் வைக்காதீர்கள். என் சிப்பில் என்ன இருக்கிறது என்று நானே பார்க்க, பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஒரு கருவி வையுங்கள். இவற்றில் எதைச் செய்யப்போகிறீர்கள், எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவர்