மேடையைக் குறுக்குங்கள், வட்டத்துக்கு இடம் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூரில் சமூக மன்றங்களும் குடியிருப்பாளர் குழுக்களும் நடத்தும் கலைநிகழ்ச்சிகளில் இப்போது பறைக்கும் உருமிக்கும் இடம் கிடைக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் அந்த இடம் பெரும்பாலும் சிறப்பு விருந்தினரை வாசலிலிருந்து மேடைவரை அழைத்து வரும் ஐந்து நிமிடம்தான். பிறகு ஒலிபெருக்கி, திரைப்பாடல், அதிர்ஷ்டக் குலுக்கு. நாட்டுப்புற இசைக்கென்றே ஓர் அக்கம்பக்க விழா நடத்த நினைப்பவர்கள், கிட்டார், பாஞ்சோ, மாண்டலின், வயலின் போன்ற தந்திக் கருவிகளால் வாசிக்கும் அமெரிக்க நாட்டுப்புற வகை இசையான புளூகிராஸின் விழாக்கள் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. அந்த இசையை இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை, கொண்டுவந்தாலும் தவறில்லை. விழாவை அமைக்கும் முறையைத்தான் சொல்கிறோம்.

புளூகிராஸ் கேட்பதற்குப் பழங்கால இசைபோல் இருக்கும். உண்மையில் அதற்கு நூறு வயதுகூட ஆகவில்லை. கென்டக்கியில் 1911இல் பிறந்த பில் மன்றோ, தம் குழுவுக்கு ‘புளூ கிராஸ் பாய்ஸ்’ என்று பெயர் வைத்தார். அதுவே இசைக்கும் பெயராயிற்று. 1945இல் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல்களால் பாஞ்சோ மீட்டும் முறையோடு அந்தக் குழுவில் சேர்ந்த பிறகு இன்று நாம் கேட்கும் ஒலி உருவானது. 1965இல் வர்ஜீனியாவின் ஃபின்காசில் அருகே ஒரு குதிரைப் பண்ணையில் கார்ல்டன் ஹேனி நடத்தியதுதான் முதல் பலநாள் புளூகிராஸ் விழா. அங்கிருந்து பரவிய வழக்கம் ஒன்று உண்டு. வருபவர்கள் தங்கள் கருவியையும் கையோடு கொண்டுவருவார்கள். மேடையில் யார் வாசித்தாலும், கார் நிறுத்துமிடத்திலும் கூடார வாசலிலும் நான்கு பேர் ஆறு பேராக வட்டமாகக் கூடித் தாங்களும் வாசிப்பார்கள். மேடைப் பக்கமே எட்டிப் பார்க்காமல் வீடு திரும்புபவர்களும் உண்டு.

பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் உருவாக்கிய கருவி. தொடக்கத்தில் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தியது. வாசித்தவர்களை இழிவுபடுத்திய அதே சமூகம் பிற்பாடு கருவியைத் தன்னுடையது என்றது. பறையின் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வட்டத்துக்கு விதிகள் உண்டு. எழுதி வைக்காவிட்டாலும் எல்லாரும் கடைப்பிடிப்பார்கள். ஒருவர் பாட்டைச் சொல்லி, சுருதியைச் சொல்லி, வேகத்தைக் காட்டித் தொடங்குவார். அடுத்த பாட்டு அவருக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவருடையது. பாடும்போது மற்றவர்கள் தணிவார்கள். சரணங்களுக்கு நடுவே தனி வாசிப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தலையசைப்பில் கைமாறும். வேண்டாதவர் தலையை ஆட்டி மறுக்கலாம், யாரும் வற்புறுத்துவதில்லை. பாட்டைத் தொடங்கியவர் ஒரு காலைத் தூக்கினால் ‘இந்தச் சுற்றோடு முடிக்கிறோம்’ என்று பொருள். நம் தெம்மாங்கும் கும்மியும் ஏலேலோ பாட்டும் ஒருவர் முன்னே பாடப் பலர் பின்னே வாங்கிப் பாடுபவை. இந்த முறைக்கு அவை அச்சாகப் பொருந்தும். எட்டிலிருந்து பத்துப் பேர்வரை ஒரு வட்டம் தாங்கும். பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவருடைய முறை மீண்டும் வர முக்கால் மணி நேரம் ஆகும், இளையர்கள் கைத்தொலைபேசியை எடுத்துவிடுவார்கள். ஒரு வட்டத்துக்கு ஒரே ஒரு தாளக் கருவி போதும். நாற்காலிகளுக்குக் கைப்பிடி இருக்கக்கூடாது. இருந்தால் கிட்டாரையும் மடியில் வைக்க முடியாது, உடுக்கையையும் வீசி வாசிக்க முடியாது. காப்பிக்கடைச் சிவப்பு முக்காலியே இதற்கு மேல். தரையில் அமர்ந்து வாசிப்பவர்களுக்கு இரண்டு பாய்கள் தனியாக வேண்டும்.

எந்த வட்டத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பல நிகழ்ச்சிகள் கெட்டுப்போகின்றன. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அந்தக் கணக்கு எடுபடாது. தாழ்ந்த கான்கிரீட் கூரையும் தரையும் தூண்களும் ஒலியைத் திருப்பித் திருப்பி அடித்து, மறுமுனைவரை கொண்டுபோகும். பறையையும் தவிலையும் அங்கே வைத்தால் வாசிப்பவருக்கே தன் அடி தெளிவாகக் கேட்காது, மேல்மாடிக் குழந்தையும் தூங்காது. பறை, தவில் போன்ற பெரிய தோல் கருவிகளும் நாகசுரமும் புல்வெளிக்கோ பக்கம் திறந்த கூரைத்திடலுக்கோ போகட்டும். கிட்டார், மாண்டலின், வயலின், உடுக்கை, கடம், பாட்டு இவை கீழ்த்தளத்தில் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் முடிந்தால் ஒரு முழு புளோக் இருக்கட்டும். பறைக்காரரை மெதுவாக வாசிக்கச் சொல்வது பயனற்ற வேலை. அடிகுச்சி முழுதாக விழாவிட்டால் பறைக்குக் குரலே இல்லை. தள்ளி நிறுத்துவதுதான் அவருக்கும் மரியாதை. இடம் குறித்து வாசிப்பது நமக்குப் புதிதும் அல்ல. தைப்பூச ஊர்வலத்தில் 1973 முதல் இருந்துவந்த இசைக் கட்டுப்பாடு 2016இல் தளர்த்தப்பட்டபோது, பாதையில் குறித்துக்கொடுத்த சில இடங்களில்தான் நேரடி இசை அனுமதிக்கப்பட்டது.

இரு மரபுகளும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தால் முதலில் இடிப்பது சுருதி. கிட்டார்க்காரர் ‘ஜி’ என்பார், நம் பாடகர் ‘ஐந்து கட்டை’ என்பார், இரண்டும் ஒன்றுதான். சி ஒரு கட்டை, டி இரண்டு, இ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. இதைப் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதித் தூணில் ஒட்டினாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். புளூகிராஸ் பாடல்கள் ஜி, ஏ, டி ஆகியவற்றில் மிகுதி. ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலுக்காகக் கிட்டார் கழுத்தின் ஐந்தாம் கட்டில் (குறுக்குக் கம்பியில்) தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியான காப்போவை மாட்டினால், ஜியில் பழகிய விரல்கள் அப்படியே வேலை செய்யும். பாஞ்சோவுக்கு அது போதாது. அதன் ஐந்தாவது தந்தி கழுத்தின் பாதியில், ஐந்தாம் கட்டருகே தொடங்குவதால் காப்போ அதைப் பிடிக்காது. காப்போவை இரண்டாம் கட்டில் மாட்டினால், அந்தக் குட்டைத் தந்தியை ஏழாம் கட்டில் உள்ள சிறு கொக்கியில் செருகி அதையும் இரண்டு அரைச்சுரம் ஏற்ற வேண்டும். மறந்தால் ஒவ்வொரு மீட்டலிலும் அபசுரம் குத்தும். இந்தக் கொக்கி பெரும்பாலும் பொம்மை ரயில் தண்டவாளத்துக்கான ஆணிதான் என்பது ஒரு சுவையான செய்தி.

அந்த ஐந்தாவது தந்தியில்தான் இரு மரபும் கைகுலுக்குகின்றன. பாட்டு எப்படிப் போனாலும் அது ஒரே சுரத்தை விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். நமக்குத் தம்புரா செய்யும் வேலை. வயலினிலும் இதே உறவு உண்டு. மேற்கத்திய வழக்கில் தந்திகள் ஜி, டி, ஏ, இ. புளூகிராஸுக்கு மூத்ததான ஓல்டு டைம் இசையில் மேல் இரண்டு தந்திகளை ஒரு சுரம் இறக்கி ஜி, டி, ஜி, டி என்று வைப்பதும் உண்டு. ஐந்து கட்டையில் அது சட்சம், பஞ்சமம், சட்சம், பஞ்சமம். கர்நாடக வயலின்காரர் வைக்கும் அதே ஏற்பாடு. மாண்டலினைப் பற்றி நம்மவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை, ஸ்ரீநிவாஸ் கேட்டு வளர்ந்த தலைமுறை இது. எனவே பொதுவட்டத்தில் ஐந்து கட்டையை வைத்துக்கொண்டு, தெம்மாங்கு பாடும்போது கிட்டார் சட்சம், பஞ்சமம் மட்டும் பிடிக்கட்டும். பழக்கதோஷத்தில் ஜி, சி, டி என்று கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) மாற்றிக்கொண்டே போனால் ஒரே சுருதியில் நிற்கும் மெட்டு தள்ளாடும்.

அடுத்தது நடை. புளூகிராஸ் பெரும்பாலும் நாலு எண்ணிக்கையில் ஓடும். மாண்டலின், இரண்டிலும் நான்கிலும் தந்தியை வெட்டி நிறுத்தித் தாளம் காக்கும். நம் நாட்டுப்புறப் பாட்டில் மூன்று மூன்றாக நகரும் திஸ்ர நடை மிகுதி. இரண்டும் ஒன்றாகத் தொடங்கினால் மாண்டலின் வெட்டு எட்டாவது நொடியில் காணாமல் போகும். வேகம் தவறிவிட்டதென்று நினைத்து எல்லாரும் ஓடத் தொடங்குவார்கள்; அது இன்னும் மோசம். தீர்வு எளிது. பாட்டைத் தொடங்குபவர் ‘திஸ்ரம்’ என்று சொல்லி, இரண்டு சுற்று கையால் தட்டிக் காட்ட வேண்டும். புளூகிராஸ்காரர்களிடம் மூன்று எண்ணிக்கை வால்ட்ஸ் பாடல்களும் நிறைய உண்டு. அங்கே தொடங்குவது இருவருக்கும் எளிது.

இனி நம் ஊர்க் காற்று. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும், நல்ல வெயிலில் பிற்பகலில் 60 பக்கம் இறங்கும். அந்தி சாயச் சாய மீண்டும் ஏறும். விழா சூடுபிடிக்கும் நேரமும் அதுதான். மூன்று மணிக்குக் கணீரென்ற பறை ஏழு மணிக்குத் தொப்பென்று விழுவது இதனால். ஊரில் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவார்கள்; புளோக் அடியில் அது நடக்காத காரியம். ஹேலஜன் விளக்கின் முன் ஓர் அடி தள்ளிப் பிடித்துச் சுழற்றிக்கொண்டே காய்ச்சலாம், தலைமுடி உலர்த்தியும் உதவும். ஒரே இடத்தில் சூடு நின்றால் தோல் கிழியும், விளிம்பில்தான் முதலில் பிளக்கும். ஆகவே வாசிப்போர் காத்திருக்கும் இடத்தில் ஒரு மின்செருகி, ஒரு விளக்கு, ஒரு மேசை கட்டாயம். செயற்கைத் தோல் போர்த்திய பறைக்கு இந்தத் தொல்லை இல்லை. நாதம் குறைவு என்று மூத்தவர்கள் முகம் சுளிப்பதிலும் நியாயம் உண்டு. மழைக்காலத்தில் இரண்டையும் வைத்திருப்பதே புத்தி. பாஞ்சோக்களில் இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் தோல்தான், கவலையில்லை. கடத்துக்கு எந்தக் கவலையும் இல்லை. கீழே போடாமல் இருந்தால் சரி.

குளிர்சாதன அறையில் சுருதி சேர்த்துவிட்டு நேரே வெளியே வருவது இன்னொரு தவறு. சூட்டில் தந்தி நீண்டு சுருதி இறங்கும். பிறகு மரம் மெல்ல ஈரத்தை உறிஞ்சி உப்பி எதிர்ப்பக்கம் இழுக்கும். கருவியைப் பெட்டியோடு வெளியே கொண்டுவந்து, பெட்டியைத் திறந்து அரைமணி நேரம் விட்டு, அப்புறம் சுருதி சேர்க்கட்டும். நாகசுரக் கலைஞர்கள் வாயில் வைத்து ஊதும் சீவாளியை நனைத்துப் பதப்படுத்த நேரம் வேண்டும். ‘இரண்டு நிமிடத்தில் மேடைக்கு வாங்க’ என்று அவர்களை விரட்டக்கூடாது.

மேடையே வேண்டாமா? வேண்டும், சிறியதாக. புளூகிராஸ் குழுக்கள் பலகாலம் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நின்று வாசித்தன. இன்றும் சில குழுக்கள் அப்படி வாசிக்கின்றன. பெரிய டயஃப்ரம் (அதிர்தகடு) கொண்ட, நுட்பமாக ஒலி வாங்கும் கண்டென்சர் ஒலிவாங்கி ஒன்று, வாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவான உயரத்தில். சுற்றிலும் பிறைவடிவில் கலைஞர்கள். தனி வாசிப்புக்கு ஒருவர் முன்னே வருவார், முடிந்ததும் பக்கவாட்டில் விலகுவார். ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கால்களே பார்த்துக்கொள்கின்றன. இதற்கு 48 வோல்ட் மின்சாரம் தரும் மிக்சர் (ஒலிகளைக் கலக்கும் கருவி) வேண்டும், காற்றுத் தடுப்பு நுரை வேண்டும். ஒலிபெருக்கிகள் ஒலிவாங்கிக்கு முன்னால் தள்ளி நிற்க வேண்டும். கலைஞரை நோக்கிய மானிட்டர் ஒலிபெருக்கியை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஊளைதான். பெரிய தொழிற்சாலை மின்விசிறியை மேடைப் பக்கம் திருப்பினால் அதன் இரைச்சலையும் இந்த ஒலிவாங்கி அள்ளிக்கொள்ளும். நூறு, நூற்றைம்பது பேருக்கு இது தாராளம். வில்லுப்பாட்டுக் குழு தரையில் அமர்வதால் தாங்கியைத் தாழ்த்தினால் போதும். வில்லும் குடமும் உடுக்கையும் ஒரே வாங்கியில் அழகாகக் கலக்கும். பறையும் தவிலும் மட்டும் இதன் அருகே வரக்கூடாது. ஆளுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஒலிவாங்கி வைத்தால் ஒரு குழு இறங்கி இன்னொரு குழு ஏற இருபது நிமிடம் போகும். ஒன்று என்றால் ஐந்து நிமிடம்.

மற்றவை சுருக்கமாக. ஆண்டுக்கு ஏறத்தாழ 168 நாள்கள் இடி முழங்கும் ஊர் இது. பிற்பகல் இடிமழை அதிகமுள்ள ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் திறந்தவெளி வட்டங்களுக்கு மாற்றிடம் குறித்திருக்க வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே யாரையும் அனுப்பக்கூடாது. தொடக்கநிலை இறுதித் தேர்வும் சாதாரணநிலைத் தேர்வும் நடக்கும் ஆண்டின் பிற்பகுதி வாரங்களைத் தவிர்ப்பது நல்லது. நகர மன்ற அனுமதியோடு வேலை முடியவில்லை. அன்று பக்கத்துப் புளோக்கில் துக்கம் நடந்தால் தோல் கருவிகளை எங்கே மாற்றுவது என்பதையும் முன்பே முடிவுசெய்யுங்கள். கேளிக்கை உரிமம், பாடல் காப்புரிமை இரண்டையும் சில வாரங்களுக்கு முன்பே விசாரித்துவிட வேண்டும். காலங்காலமாக வழங்கும் பாட்டுக்குக் காப்புரிமை கிடையாது. ஆனால் புளூகிராஸ் எல்லாமே ‘மரபுப் பாட்டு’ என்று நினைத்துவிடாதீர்கள். மன்றோ மறைந்தது 1996இல். இங்கே காப்புரிமை ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுவரை நீடிக்கும்.

மாலை நாலரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு ஒலிபெருக்கியை அணைத்துவிடலாம். தோல் கருவிகளும் அத்தோடு நிற்கட்டும். கீழ்த்தளத்தில் பாட்டும் மாண்டலினும் இன்னும் அரைமணி நேரம் தணிந்து ஓடினால் யாருக்கும் தொந்தரவில்லை. மேடையில் வாசித்தவர்கள் வந்து உட்காருவதும் அந்த நேரத்தில்தான். அதனால் தொண்டூழியர்களிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவையுங்கள்: நாற்காலிகளை அடுக்கும்போது மேடை முன்னாலிருந்து தொடங்கட்டும், வட்டத்தில் கிடக்கும் முக்காலிகளைக் கடைசியாக எடுக்கட்டும்.

இப்படிக்கு,
நாட்டுப்புற இசைக் கலைஞர்கள், ஒலியமைப்பாளர்கள் சிலர்
சிங்கப்பூர்