வடக்கு மூலைப் பலா

அன்புள்ள சேகர்,

போன பொங்கலுக்குப் பிறகு உனக்கு நான் எழுதவே இல்லை. தப்புதான், திட்டிக்கொள். வீட்டில் எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும். உன் பச்சை சைக்கிள் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் பத்திரமாக இருக்கிறது, பயப்படாதே.

இப்போது எழுதக் காரணம் தம்பி. முந்தாநாள் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மர வியாபாரியைத் தோப்புக்குக் கூட்டி வந்துவிட்டான். நான் போனபோது அவர் வடக்கு மூலைப் பலாவைக் கயிறு சுற்றி அளந்துகொண்டிருந்தார். கயிறு முட்டிய இடத்தை நகத்தால் கிள்ளிப் பிடித்து, கழற்றி, சாண் சாணாக எண்ணி, ஒரு தீப்பெட்டி அட்டையில் எழுதினார். அந்த மரத்தை யார் வைத்தது என்று உனக்குத் தெரியும். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

தம்பி பேச்சையும் ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை. "எல்லாத்தையும் எடுத்துட்டு சவுக்குப் போடுவோம்ண்ணே. நாலஞ்சு வருஷத்துல வெட்டிக் காசு பாத்துடலாம், ஆளும் வேணாம். இன்னொரு தானே புயல் வந்தா என்ன பண்ணுவ?" என்கிறான். 2011 டிசம்பர் 30 விடியற்காலையை அவன் மறக்கவில்லை. முந்திரி அத்தனையும் வேரைக் காட்டிக்கொண்டு கிடந்ததை மூன்று பேரும் வரப்பில் நின்று பார்த்தோமே. அப்போது அவன் பள்ளிக்கூடப் பையன்.

ஆனால் அன்று எது நின்றது? வரப்புப் பனை பதினொன்றும் நின்றன. ஒரு கிளை ஒடிந்து இந்தப் பலாவும் நின்றது. முழுக்க முந்திரியாக வைத்ததால்தானே ஒரே ராத்திரியில் முழுக்கப் போனது? சவுக்கை மட்டும் போட்டாலும் அதே கதைதான்.

சவுக்கின் மேல் எனக்குக் கோபமில்லை. அதன் வேர்முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிறது, நம் செம்மண்ணுக்கு நல்லது. கிழக்கு ஓரத்தில் நாலு வரிசை போடட்டும், கடல்காற்றைத் தடுக்கும். நடுவில் முந்திரியையும் பாலூர் 1 ரகப் பலாவையும் கிழமேலாக வரிசை பிடித்து வைத்தால் பயிர்மேல் நிழல் குறையும். மரம் குடை விரிக்கிற வரைக்கும் இடையில் மல்லாட்டை, உளுந்து. வேலியோரம் அகத்தி, ஆட்டுக்குத் தழை. சவுக்கு வெட்டுகிற வரை மல்லாட்டை சோறு போடும், அப்புறம் பலா காய்க்க ஆரம்பிக்கும். 2014-இல் வேளாண் காடு வளர்ப்புக்கென்றே தேசியக் கொள்கை வந்தது, உலகத்தில் முதல் நாடு நாம்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "கொள்கை வந்து கொட்டை பொறுக்குமா?" என்று கேட்கிறான்.

அந்த 'ஆள் வேணாம்'தான் என்னைத் தூங்க விடவில்லை. கொட்டை பொறுக்கவும் உடைக்கவும் நம் தெருவில் எத்தனை பெண்கள் போகிறார்கள்! பெரியம்மா விரல்களைப் பார்த்திருக்கிறாய். ஓட்டுப்பால் பட்டுத் தோல் உரிந்து கறுத்திருக்கும், சாம்பல் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பாள். அந்தக் கூலியில்தான் மகளை நர்சிங் படிக்க வைத்தாள். சவுக்குத் தோப்பில் அவளுக்கு என்ன வேலை இருக்கப்போகிறது?

வியாபாரி அடுத்த வெள்ளிக்கிழமை அட்வான்ஸோடு வருகிறாராம். நான் பேசினால் தம்பிக்கு அண்ணன் அதிகாரமாகப் படுகிறது. நீ சொன்னால் கேட்பான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வியாழனே புதுச்சேரியில் காலை பஸ் ஏறிவிடு. பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு நிற்கிறேன்.

உன்
குமார்