சோஃபா வாங்காமலே கடன்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிம் கார்டு வாங்க மாமியாரின் தென்னாப்பிரிக்கப் பச்சை அடையாளப் புத்தகத்தை ஒரு கடையில் கொடுத்தோம். இரண்டு நகல் எடுத்தார்கள். எதற்கு இரண்டு என்று நாங்களும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து, அவர் வாங்காத சோஃபாவுக்குத் தவணை பாக்கியாம், போன் வருகிறது!

அந்தப் புத்தகத்தில் இருக்கும் நம் 13 இலக்க அடையாள எண்ணில் முதல் ஆறும் பிறந்த தேதிதான். ஃபேஸ்புக்கில் வயதோடு பிறந்தநாள் வாழ்த்துப் போடுகிறோமே, பாதி எண்ணை நாமே கொடுத்த மாதிரி.

இப்போதெல்லாம் நகலின் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று பேனாவால் எழுதிவிடுகிறேன். நம் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று காட்டும் கடன் அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகவே கேட்டு வாங்கலாம். அதைப் பார்த்த பிறகுதான் மாமியார் பெயரில் இன்னொரு கணக்கும் இருப்பது தெரிந்தது.

வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்